பொய் பிடிக்கும் பெட்டியும் விளையாட்டுப் பஞ்சாயத்தும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது விளையாட்டு சம்பந்தமான ஒரு விஷயமாகும். சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் பேசுவார்களென்று எண்ணி வந்த தோழர்களுக்கு இது சிறிது ஏமாற்றமாயிருக்கலாம். ஆனாலும் சற்றுப் பொறுத்துக் கேட்பீர்களானால் இதுவும் நமது பழைய வழக்குத்தான் என்பது விளங்கிவிடும். ஒருவன் குற்றவாளியா அல்லவா என்பதை ஆதாரத்தைக் கொண்டு தீர்ப்பதா, அற்புதத்தைக் கொண்டு தீர்ப்பதா என்பதே அந்த வழக்கு.

விளையாட்டுக்காரன் ஒருவன் ஊக்க மருந்து தின்றான் என்றோ, பணம் வாங்கிக் கொண்டு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தான் என்றோ புகார் வந்தால், அவனை விசாரிக்க விளையாட்டுச் சங்கங்கள் பஞ்சாயத்து வைக்கின்றன. தீர்ப்பு விரோதமானால் 2 வருஷமோ, 4 வருஷமோ, ஆயுள் முழுவதுமோ அவன் ஆடக்கூடாது. நமக்கு 4 வருஷம் என்பது வேறு, அவனுக்கு 4 வருஷம் என்பது வேறு. அவன் உடம்பில் ஓடவும் தாண்டவும் தெம்பிருக்கும் காலமே கொஞ்சம். அதில் 4 வருஷம் போனால் பிழைப்பும் போச்சு, பேரும் போச்சு. இப்படிப்பட்ட பஞ்சாயத்தில், பொய் பிடிக்கும் பெட்டி என்பதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்து, அது சொல்லுவதையும் சாட்சியமாக ஏற்கலாமா என்பதே இன்றைய கேள்வி.

பெட்டி எதை அளக்கிறது?

இந்தப் பெட்டிக்கு மேல்நாட்டார் பாலிகிராப் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டி மூச்சை அளக்கிறார்கள். புஜத்தில் டாக்டர் கட்டுவது போன்ற பட்டையைக் கட்டி ரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். விரல் நுனியில் தகடு வைத்து வியர்வையை அளக்கிறார்கள். இவை யாவும் கோடுகளாக வந்து விழுகின்றன. பிறகு கேள்வி போடுகிறார்கள். "நீ மருந்து தின்றாயா?" என்பது ஒரு கேள்வி. "உன் ஆயுளில் யாரையாவது ஏமாற்றியிருக்கிறாயா?" என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கோடு அதிகம் துள்ளினால் பொய்யனாம். இரண்டாவதற்கு அதிகம் துள்ளினால் மெய்யனாம்.

தோழர்களே! மூச்சை அளந்தது, சரி. ரத்தத்தை அளந்தது, சரி. வியர்வையை அளந்தது, அதுவும் சரி. பொய்யை எந்த இடத்தில் அளந்தது? பொய்யென்று ஒரு நாடி மனித உடம்பில் எங்கேனும் ஓடுகின்றதா? "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லும் பழமொழிக்குக் கம்பியும் தகடும் வைத்துப் பெட்டியாகச் செய்துவிட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கட்டும், நாம் மறுக்கவில்லை. குற்றமில்லாத நெஞ்சு போலீசுக்காரனைக் கண்டால் குறுகுறுப்பதில்லையா? பிழைப்பே போய்விடும் என்றிருக்கும்போது, "நீ திருடினாயா?" என்று கேட்டால் திருடாதவனுக்குத்தான் வயிறு அதிகமாகக் கலங்கும். பழகின திருடனோ வெற்றிலை போட்டுக் கொண்டு பதில் சொல்லுவான்.

இந்தக் கருவியின் பிறப்பைச் சிறிது கவனியுங்கள். 1921-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துப் போலீசில் இருந்த ஜான் லார்சன் என்பவர் இதை ஒரு கருவியாக அமைத்தார். அதே காலத்தில் வில்லியம் மார்ஸ்டன் என்பவர், ரத்த அழுத்தத்தைக் கொண்டே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லி வந்தார். 1923-ல் ஒரு கொலை வழக்கில் அவருடைய சோதனையைச் சாட்சியமாக ஏற்கும்படி கேட்கப்பட்டபோது, இது அத்துறை விஞ்ஞானிகளால் பொதுவாக ஒப்புக் கொள்ளப்பட்டதல்ல என்று வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு தள்ளிவிட்டது. பிறகு அவர் என்ன செய்தார்? 1941-ல் வொண்டர் உமன் என்னும் சித்திரக் கதையை உண்டாக்கினார். அந்தக் கதாநாயகியிடம் ஒரு மாயக் கயிறு உண்டு. அதனால் கட்டப்பட்டவன் உண்மையைத் தவிர வேறு பேச முடியாதாம்! கோர்ட்டில் செல்லாத சரக்கு கதையில் செல்லுபடியாயிற்று. கதைக்குள் கயிறு இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

விஞ்ஞானிகள் இதைச் சும்மா தள்ளிவிடவுமில்லை. 2003-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவினர் இதை விரிவாகப் பரிசீலித்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது மேல்தான், ஆனால் பிழையற்றது என்பதற்கு வெகுதூரம் கீழே என்பதே அவர்கள் கண்ட முடிவு. அதோடு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார்கள். 10,000 பேரில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பத்தில் 8 பேர் அகப்படும்படி பெட்டியை முடுக்கினால், அவர்களோடு குற்றமற்றவர்கள் சுமார் 1,600 பேரும் பொய்யர்களென்று அகப்படுவார்கள். எட்டுக் களையைப் பிடுங்க ஆயிரத்து அறுநூறு நெற்பயிரைப் பிடுங்குகிறவனை எந்த மிராசுதாரனாவது வேலைக்கு வைத்துக் கொள்ளுவானா?

அகப்பட வேண்டியவன் அகப்படுகிறானா என்றால், அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்க உளவு இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு ரஷ்யாவுக்கு ரகசியங்களை விற்று வந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர், 1986-லும் 1991-லும் இந்தப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து தேறி வெளியே வந்தார். 1994-ல் அவர் கைதியாவதற்கு உதவியது எது? சம்பளத்துக்கு மிஞ்சிய வீடும், பாங்கில் போட்ட பணமுந்தான். நெஞ்சு காட்டிக் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகம் காட்டிக் கொடுத்தது.

சைக்கிள் பந்தயக்காரரின் வழக்கு

இனி விளையாட்டுப் பஞ்சாயத்துக்கே வருவோம். 2010-ல் டூர் டி பிரான்ஸ் என்னும் பேர்போன சைக்கிள் பந்தயத்தில் ஸ்பெயின் தேசத்து அல்பர்ட்டோ கொண்டடோர் முதலாவதாக வந்தார். பந்தயத்தின் நடுவில், ஜூலை 21-ந் தேதி எடுத்த அவர் சிறுநீரில் கிளென்புட்டெரால் என்ற மருந்து, மில்லி லிட்டருக்கு 50 பைகோகிராம் அளவு கண்டது. ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு செய்தால் அதில் ஒரு பங்குதான் பைகோகிராம். அந்த மருந்தைக் கொழுப்பில்லாத மாமிசம் வளருவதற்காகச் சில இடங்களில் மாட்டுக்குக் கொடுப்பதுண்டு. ஆகவே, தாம் தின்ற மாட்டிறைச்சியின் வழியாகத்தான் அது உடம்பில் புகுந்தது என்றார் அவர். ஸ்பெயின் சைக்கிள் சங்கம் 2011-ல் அவரை விடுதலை செய்தது. உலக சைக்கிள் சங்கமும், ஊக்க மருந்துத் தடுப்புக்கான உலக ஸ்தாபனமும் ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரத்திலுள்ள விளையாட்டு மத்தியஸ்தக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தன.

இங்கே சட்டத்தின் போக்கைச் சிறிது தெரிந்து கொள்ள வேண்டும். மருந்து உடம்பில் இருந்தாலே குற்றம். அது எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு விளையாட்டுக்காரன் தலையில். தின்ற இறைச்சியோ செரித்துப் போய்விட்டது. இல்லாத துண்டை எங்கே போய்த் தேடுவான்? ஆகவே கொண்டடோர் பொய்ப் பெட்டிச் சோதனைக்கு உட்பட்டு, தேறியதாக அதன் முடிவையும் கோர்ட்டில் வைத்தார். அதற்குமுன் அந்தக் கோர்ட்டார் இம்மாதிரிச் சோதனையை ஏற்பதில்லை என்றே சொல்லி வந்தவர்கள். இந்த வழக்கில் அதை உள்ளே விட்டார்கள். விட்டு, "இது அவருடைய வாக்குமூலத்துக்கு அனுசரணையாயிருக்கிறது, ஆனால் மற்ற ஆதாரங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்" என்ற கருத்துப்பட எழுதினார்கள். 2012-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பாயிற்று. இறைச்சிக் கதை ருசுவாகவில்லை, கலப்படமான சத்து மருந்தின் வழியாக வந்திருப்பதே அதிகம் சாத்தியம் என்று முடிவு செய்து, 2 வருஷத் தடை போட்டு, பட்டத்தையும் பறித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய முக்கிய சங்கதி ஒன்றிருக்கிறது. பெட்டி அணுவளவும் பிழை செய்யாத பெட்டி என்றே வைத்துக் கொள்வோம். "தெரிந்து மருந்து தின்னவில்லை" என்று அவர் சொன்னது மெய் என்றே பெட்டி சொல்லட்டும். அதனால் என்ன தெரிந்தது? இறைச்சியில் மருந்து இருந்தது என்று தெரிந்ததா? சத்து மருந்தில் இல்லையென்று தெரிந்ததா? கடையில் வாங்கின நல்லெண்ணெயில் கலப்படமிருந்து, வீட்டிலுள்ளவர்கள் சாப்பிட்டு நோயில் விழுந்தால், "நான் ஒன்றும் கலக்கவில்லை" என்று சமைத்த அம்மாள் சொல்லுவது முழு மெய்தான். அந்த மெய்யைக் கேட்டு எண்ணெய் சுத்தமாகிவிடுமா? எண்ணெயையல்லவா சோதிக்க வேண்டும்!

மனிதன் மெய்யென்று நம்புவது எது என்பதற்கு மேல் எந்தப் பெட்டியும் சொல்ல முடியாது. நடந்தது எது என்பதோ வெளியே உலகத்தில் இருக்கிறது. பஞ்சாயத்தார் தீர்க்க வேண்டியது நடந்ததைத்தான்.

அந்த மருந்து விஷயத்தில் பிறகு வெளிச்சம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2011-ல் மெக்சிகோ தேசத்தில் 17 வயதுக்குட்பட்டவர்களின் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தது. அதில் ஆடிய பிள்ளைகளில் 109 பேர் சிறுநீரில் இதே மருந்து கண்டது. நூற்றொன்பது பிள்ளைகளையும் நாற்காலியில் கட்டி, கேள்வி போட்டார்களா? இல்லை. அவர்கள் தங்கிய விடுதிகளின் இறைச்சியைச் சோதித்தார்கள். அதில் மருந்து இருந்தது. பிள்ளைகள் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2019-ல் உலக ஸ்தாபனமே, 5 நானோகிராம் வரையில் இந்த மருந்து கண்டால் உடனே குற்றமென்று கொள்ளாமல், இறைச்சியினால் வந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்று விதி செய்தது. 5 நானோகிராம் என்பது கொண்டடோர் உடம்பில் கண்டதைப் போல் 100 மடங்கு! அவர் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. விதியைத் திருத்தியது இறைச்சியும் தராசும் சோதனைக் குழாயுமே என்றுதான் சொல்லுகிறோம்.

மீன் வயிற்றில் ஈயக் குண்டு

இனி தூண்டில் போட்டி. அமெரிக்காவில் மீன் பிடிப்பதற்கு லட்சக்கணக்கான டாலர் பரிசு வைக்கிறார்கள். 2016-ல் மேரிலாந்து மாகாணத்து ஓஷன் சிட்டியில் நடந்த போட்டியில், மார்லின் என்னும் நீண்ட மூக்குடைய கடல் மீன் ஒன்றை, 76½ பவுண்டு எடையுள்ளதைப் பிடித்தவருக்கு 28 லட்சம் டாலர் வரவேண்டியிருந்தது. ஜெயித்தவர்கள் பெட்டிச் சோதனையில் தேற வேண்டுமென்பது அந்தப் போட்டியின் விதி. அவர் தேறவில்லை என்று பரிசை நிறுத்தினார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 2017-ல் ஜட்ஜு அவருக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொன்னார். ஆனால் அந்த ஜட்ஜுகூடப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. காலை 8.30 மணிக்கு முன் தூண்டில் போடக்கூடாதென்ற விதி மீறப்பட்டதா என்று, நேரத்தைப் பற்றிய சாட்சியங்களையும் எடுத்துப் பார்த்தார். கடிகாரம் சொல்லக்கூடியதைக் கடிகாரத்திடம் கேட்பதுதானே முறை?

மற்றொன்று கேளுங்கள். 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒஹையோ மாகாணத்தில் ஈரி ஏரியில் மீன் போட்டி. இரண்டு பேர் கொண்டுவந்த மீன்கள் பருமனுக்கு மீறிய எடையாயிருந்தன. போட்டி நடத்தினவர் சந்தேகப்பட்டு, அங்கேயே கத்தியை எடுத்து மீன் வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள் இருந்தன! ஊரே பார்த்தது. அடுத்த வருஷம் அந்த இருவரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டு 10 நாள் ஜெயில் தண்டனை பெற்றார்கள். சந்தையில் பருத்தி மூட்டைக்குள் கல்லை வைத்துத் தைப்பவனை நமது குடியானவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்? அவன் மூச்சைப் பார்த்தா? மூட்டையைப் பிரித்துத்தானே! அந்தக் கத்திக்குள்ள யோக்கியதை ஆயிரம் பெட்டிக்குக் கிடையாது. ஏனென்றால் கத்தி காட்டியதை யாரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். பெட்டி காட்டியதை அதை வைத்திருக்கும் பூசாரிதான் படித்துச் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட்டுக்கும் இந்தப் பெட்டியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2011-ல் எம்.சி.சி.யின் உலக கிரிக்கெட் கமிட்டியார் இதை யோசிக்க வேண்டுமென்றார்கள். அக்கமிட்டியில் இருந்த ஆஸ்திரேலிய மாஜி கேப்டன் ஸ்டீவ் வா தாமே சோதனைக்கு உட்பட்டுக் காட்டினார். அவ்வருஷம் டிசம்பரில் கான்பெராவில் பிராட்மன் பெயரால் நடந்த சொற்பொழிவில் நமது ராகுல் திராவிட், அவசியமானால் அக்கருவியின் தன்மையையும் பயனையும் தெரிந்து கொண்டு அதற்கும் இசைய வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். ஆட்டம் சுத்தமாயிருக்க வேண்டுமென்ற அவருடைய நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் "தெரிந்து கொண்டு" என்றாரே, அந்த வார்த்தையைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுகிறோம். தெரிந்து கொண்டு பார்த்தால் இசைய இடமில்லை.

கிரிக்கெட்டில் பெரிய மீன் அகப்பட்டது எப்படி? தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே பக்திமான், யோக்கியர் என்று பேரெடுத்தவர். 2000-ம் வருஷம் ஏப்ரலில் டெல்லிப் போலீசார் அவர்மீது புகார் சொன்னபோது, அவர் மறுத்தார். உலகமும் அவரையே நம்பிற்று. ஆனால் போலீசார் கையிலிருந்தது டெலிபோன் பேச்சு. சில நாளைக்குள் அவரே பணம் வாங்கியதை ஒப்புக் கொண்டார். அவ்வருஷமே ஆயுள் தடை வந்தது. முகத்தையும் பக்தியையும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பேச்சைக் கேட்டவர்கள் ஏமாறவில்லை.

மறுத்தால் குற்றவாளியா?

"இஷ்டப்பட்டவர்கள் தானே உட்காருகிறார்கள், கட்டாயமில்லையே" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! ஒருவன் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவனுக்கு அது கட்டாயம்தான். "அவன் உட்கார்ந்தான், நீ ஏன் மறுக்கிறாய்? மடியில் கனமா?" என்று ஊர் கேட்கும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய மறுத்தவனைத் திருடனென்று முடிவு கட்டும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன பேதம்?

அன்றியும் பணக்கார ஆட்டக்காரன் தன் வக்கீல் மூலமாக இரகசியமாய்ச் சோதனை செய்து கொள்ளுவான். தேறினால் பத்திரிகையில் வரும்; தேறாவிட்டால் பெட்டிக்குள் பூட்டப்படும். பத்து ஜோசியரிடம் போய், நல்ல பலன் சொன்ன ஒருவர் ஓலையை மட்டும் ஊருக்குக் காட்டுவது போன்றது இது. ஏழை ஆட்டக்காரனுக்கு அந்த வசதி ஏது? குக்கிராமத்திலிருந்து வந்த பெண்ணொருத்தியை, பாஷை தெரியாத ஊரில், மொழிபெயர்ப்புக்காரனை நடுவில் வைத்து, உடம்பெல்லாம் பட்டை கட்டிக் கேள்வி கேட்டால், அவள் நெஞ்சு துள்ளாமல் வேறு என்ன செய்யும்?

நமது பழைய சாஸ்திரக்காரர்களும் இப்படித்தான் செய்தார்கள். சத்தியப் பரீட்சைக்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதி வகுத்த விதியைப் பாருங்கள். பிராமணனுக்குத் தராசில் நிறுக்கும் பரீட்சையாம். சூத்திரனுக்கோ நெருப்பு, தண்ணீர் அல்லது விஷமாம்! சுசீந்திரம் கோவிலில் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் சொல்லி, புண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காலமும் உண்டு. பிறகு திருவாங்கூர் சமஸ்தானமே அதை நிறுத்திற்று. நெய்க்கொப்பரை போய் மின்சாரக் கம்பி வந்தது. உடம்பைக் கேட்டு உண்மையை அறியலாமென்ற மூடநம்பிக்கை மட்டும் போகவில்லை.

இந்த விஷயத்தில் நமது சுப்ரீம் கோர்ட்டு 2010-ம் வருஷம் மே 5-ந் தேதி, செல்வி வழக்கு என்று சொல்லப்படும் வழக்கில் நல்ல தீர்ப்பு ஒன்று சொல்லியிருக்கிறது. சம்மதமில்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாதென்றும், சம்மதித்துச் செய்ததாயிருந்தாலும் அதன் முடிவை மட்டும் கொண்டு சாட்சியமாக்கக் கூடாதென்றும் அது கூறிற்று. ஆனால் அது கிரிமினல் வழக்கைப் பற்றியது. சங்கங்கள் நடத்தும் பஞ்சாயத்தில் நிற்கும் ஆட்டக்காரனுக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்லுவதற்கில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குள்ள பந்தோபஸ்து பந்தாட்டக்காரனுக்கு இல்லாமற் போவது என்ன நியாயம்?

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவுதான். முதலாவது, எந்த விளையாட்டுப் பஞ்சாயத்தும் பெட்டிக்கு முன் உட்காரும்படி யாரையும் கேட்கக் கூடாது. மறுத்ததைக் குற்றத்துக்கு அடையாளமாகவும் கொள்ளக் கூடாது. இரண்டாவது, யாராவது தாமாக அதைக் கொண்டுவந்தால், தேறியது தேறாதது ஆகிய எல்லாச் சோதனைகளையும், போட்ட எல்லாக் கேள்விகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்ல வேண்டும். அப்படி வைத்தாலும் அதை ஆதாரமென்று எண்ணக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியமானது. இறைச்சியையும் சத்து மருந்தையும் சிறுநீரையும் சோதிக்கப் பணமில்லாத ஆட்டக்காரனுக்குச் சங்கமே செலவு செய்து சோதித்துத் தர வேண்டும். ஏழைக்கு ஆதாரம் கிட்டாதபடி வைத்துவிட்டு, ஆதாரத்துக்குப் பதிலாகப் பெட்டியைக் காட்டுவது பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சோற்றுப் படத்தைக் காட்டுவதாகும்.

"பெட்டிக்குப் பயந்தாவது தப்புச் செய்யாமல் இருப்பார்களே" என்பது கடைசி வாதம். கொதிக்கும் நெய்க்கும் பயந்தார்கள், நரகத்துக்கும் பயந்தார்கள், அதனால் உலகத்தில் திருட்டு நின்றுவிட்டதா? பயம் யோக்கியனையும் சேர்த்தே நடுங்க வைக்கும். அகப்படுவோம் என்ற நிச்சயந்தான் அயோக்கியனைத் தடுக்கும். அந்த நிச்சயத்தைக் கணக்குப் புத்தகமும் சோதனைச் சாலையும் உண்டாக்க முடியும், பெட்டியால் முடியாது.

தோழர்களே! இந்தப் பெட்டிக்குப் பின்னால் கம்பியும் மின்சாரமும் இருப்பதாலேயே அது விஞ்ஞானமாகிவிடாது. எல்லோரும் எடுத்துப் பார்க்கவும், சரியா தப்பா என்று திருப்பிச் சோதிக்கவும் இடமிருந்தால்தான் விஞ்ஞானம். ஆகவே நாளைக்கு ஒரு ஆட்டக்காரன் பெட்டியில் தேறினான் என்று பத்திரிகையில் படித்தால் அவனை யோக்கியனென்று துள்ளாதீர்கள். தேறவில்லை என்று படித்தால் அவன்மேல் கல்லெறியாதீர்கள். "வேறு என்ன ஆதாரம்?" என்று கேளுங்கள். நாம் இவ்வளவு நேரம் சொன்னதையும் அந்தக் கேள்வியைக் கொண்டே சோதித்து, நிற்பதை எடுத்துக் கொண்டு நில்லாததைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.